தினமும் 500 கிலோமீட்டர் எங்கேப்பா போறீங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல் லைக் மட்டும் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

விஷயம் இதுதான். 1998-ல் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்த மாணவி ஒருத்தி இப்போது உசிலம்பட்டியில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். வீடு திருநகரில். போக 40 கிலோமீட்டர், வர 40 கிலோமீட்டர். இத்தனை வருடமும் பஸ்தான். திருமங்கலத்தில் இறங்கி மாறி ஏற வேண்டும். மத்தியான டியூட்டி முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிளம்பும் நாட்களில் வீடு வந்து சேர எத்தனை மணி ஆகும் என்பதை அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது தன் சம்பளத்தில், தன் பெயரில் லோன் போட்டுக் கார் வாங்கத் துணிந்திருக்கிறாள். விசாரித்து, 24 யூனிட் பாட்டரி உள்ள சின்ன எலெக்ட்ரிக் கார் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு, பழைய மாணவர் குரூப்பில் "எடுக்கலாமா சார்?" என்று கேட்டாள். நான் அதே வகை வண்டியை மூன்று வருடமாக ஓட்டுகிறேன் என்பதால் கேட்டாள்.

கேட்டது என்னை. பதில் சொன்னது ஊரே. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் நம் குடும்பக் குரூப்பிலும் அந்தக் கேள்வியைப் போட்டுத் தொலைத்தேன். "ரேஞ்ச் பத்தாதும்மா." "நடுரோட்ல நின்னா யார் வந்து தூக்குறது?" "சென்னைக்கு ஒரே மூச்சுல போகுமா?" "இன்னும் அஞ்சு வருஷம் போகட்டும், 500 கிலோமீட்டர் ஓடுற வண்டி வரும்." ஒரு மகராசன் அமெரிக்காவில் பனியில் நின்றுபோன கார்களின் வீடியோவையே அனுப்பி வைத்தான். காலையில் எழுந்து பார்த்தால் அவள் எழுதியிருக்கிறாள்: "சரி சார், பெட்ரோல் வண்டியே பாத்துக்கறேன்."

இத்தனை பேர் சேர்ந்து அந்தப் பெண்ணை மாதம் ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் மேல் நஷ்டத்தில் தள்ளிவிட்டீர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

கணக்கைப் பாருங்கள். டியூட்டி நாட்கள், வீட்டு வேலை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்த்து அவளுக்கு மாதம் 2,000 கிலோமீட்டர். பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 தருகிறது என்று தாராளமாகவே வைப்போம். 125 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 12,500 ரூபாய். எலெக்ட்ரிக் காரில், சுவரில் இருந்து இழுக்கிற கரண்டைக் கணக்கிட்டால், ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் வரும். சார்ஜ் ஆகும்போது வீணாகிறதும் இதில் அடக்கம். 286 யூனிட். வீட்டு மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 570 யூனிட்டுக்கு மேல் கூடினால் ஸ்லாப் ஏறும், மேல் ஸ்லாப் காசு விழும். அதனால் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே போடுகிறேன். 2,860 ரூபாய். மிச்சம் 9,640. வண்டி விலையில் பெட்ரோல் வண்டியை விட இரண்டு, இரண்டரை லட்சம் கூடுதல் கொடுத்தாலும் இரண்டேகால் வருடத்துக்குள் அது திரும்பிவிடும். ஆயில் மாற்றுகிற செலவு, கிளட்ச் செலவு எதையும் நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

"அதெல்லாம் சரி சார், ரேஞ்ச்?" என்பீர்கள். வருகிறேன்.

முதலில் கம்பெனிக்காரர்களைத் திட்டிவிடுகிறேன். இந்தப் பயத்தை வளர்த்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022 செப்டம்பரில் டியாகோ எலெக்ட்ரிக் 8.49 லட்சத்தில் தொடங்கி வந்தபோது, 24 யூனிட் பாட்டரிக்கு 315 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். அடுத்த வருடம் எம்.ஜி. காமெட் வந்தது. 17.3 யூனிட் பாட்டரி, 230 கிலோமீட்டர் என்றார்கள். இந்த எண்கள் பொய் இல்லை. ஆனால் அவை சோதனைக்கூடத்து உருளை மேல், ஏ.சி. போடாமல், பெரும்பகுதி நேரம் மெதுவாக ஓட்டி எடுத்த எண்கள். அந்தச் சோதனையில் உச்ச வேகமே 90-தான், அதுவும் சிறிது நேரம். நம் ஊரில் மே மாதம் ஏ.சி. இல்லாமல் காரில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வெந்து போவோம்.

ஆக 315 என்று படித்தவன் 190-ல் வண்டி கேட்கும்போது, ஏமாற்றிவிட்டான் என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டாடா நிறுவனமே பிறகு இறங்கி வந்தது. 2024-ல் வந்த கர்வ் காருக்கு 585 என்று சோதனை எண்ணையும், நடைமுறையில் 400 முதல் 425 என்று வேறோர் எண்ணையும் சேர்த்தே சொன்னார்கள். எல்லாக் கம்பெனியும், எல்லா விளம்பரத்திலும், அந்த இரண்டாவது எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும். முதல் எண்ணைக் கண்ணாடி போட்டுப் படிக்கிற சைஸில் கீழே போடட்டும். இப்போது நடப்பது தலைகீழ்.

ஏன் குறைகிறது என்பது பிளஸ் ஒன் பாடம்தான். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 80-ல் போகிறவன் 100-ல் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. பெட்ரோல் காரிலும் இதே விதிதான். அங்கே பங்க் பக்கத்திலேயே இருப்பதால் உங்களுக்குத் தெரிவதில்லை. ஏ.சி. மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் குடிக்கும். கோரிப்பாளையத்தில் இருந்து காளவாசல் வரை நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால், நின்ற இடத்திலேயே பத்துக் கிலோமீட்டர் ரேஞ்ச் போயிருக்கும். ஆனால் பிரேக் அடிக்கும் போதெல்லாம் கொஞ்சம் திரும்பி வருவதால், நகருக்குள் மொத்தத்தில் இந்த வண்டி நெடுஞ்சாலையை விட நன்றாகவே கொடுக்கும்.

அந்தப் பனி வீடியோவை அனுப்பிய தம்பிக்கு ஒரு வார்த்தை. கடுங்குளிரில் பாட்டரி மந்தமாகும், உண்மை. நமக்கு மார்கழியில் தலையில் மப்ளர் கட்டுகிற அளவுதான் குளிர். நிஜமாகவே பனியில் உறைகிற நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது எலெக்ட்ரிக். அவர்களுக்கு இல்லாத நடுக்கம் ஆரப்பாளையத்தில் இருக்கிற உனக்கு எதற்கு?

சரி, அவளுடைய சாலைக்கு வருகிறேன். இதில் நான் விளையாட்டாகப் பேச முடியாது. ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாக ஒரு பெண் ஓட்டிவருகிற வண்டி சிந்துபட்டி தாண்டி நின்றுவிட்டால் என்ன செய்வாள் என்கிற பயம் நியாயமான பயம். குரூப்பில் எழுதியவர்களில் பாதிப்பேர் கேலிக்கு எழுதினாலும், அவளுடைய அண்ணன் எழுதியது அந்தப் பயத்தில்தான். அவருக்குப் பதில் சொல்ல, போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வண்டியை முழு சார்ஜில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் இருந்து கிளம்பினேன். வண்டியில் நானும் என் மனைவியும். ஏ.சி. முழுநேரமும் ஓடியது. திருமங்கலம் வழியாக உசிலம்பட்டி. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காபி. இருட்டிய பிறகு அதே வழியில் திரும்பினேன். 70, 75 வேகம். ஒரு லாரியை முந்தும்போது மட்டும் 90.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது பாட்டரியில் 55 சதவீதம் இருந்தது.

80 கிலோமீட்டருக்குச் செலவானது 45 சதவீதம். அன்று ராத்திரி கரண்ட் இல்லை, சார்ஜ் போடவே முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளும் அவள் டியூட்டிக்குப் போய்த் திரும்பலாம், 10 சதவீதம் கையில் இருக்கும். பத்தில் வண்டி ஓட்டச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் சார்ஜ் போட மறந்தாலும் நடுரோட்டில் நிற்க மாட்டாள் என்று சொல்கிறேன்.

பாட்டரி பழசானால்? நல்ல கேள்வி. இந்த வகை வண்டிகளுக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை பாட்டரி வாரண்டி கொடுக்கிறார்கள். அவள் வருடத்துக்கு 24,000 ஓட்டினால் ஆறு வருடம் எட்டு மாதத்தில் அது முடிந்துவிடும். எட்டு வருடம் என்று நம்பிவிடக் கூடாது, இதை அவளிடமே சொல்லிவிட்டேன். அதற்குள் பாட்டரியின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்றே வைப்போம். 180 ஓடிய வண்டி 144 ஓடும். அவளுக்கு வேண்டியது 80. நான் சொல்கிற கணக்கு ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுகிறாயோ அதற்கு இரண்டு மடங்கு நிஜ ரேஞ்ச் உள்ள வண்டியாகப் பார். அதற்கு மேல் வாங்குகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நீ பாட்டரிக்குக் காசு கொடுக்கிறாய், அந்தப் பாட்டரியின் எடையைத் தினமும் சுமக்கவும் செய்கிறாய்.

"மேலூர் கதையைச் சொல்லுங்க மாமா" என்று மாப்பிள்ளைமார் கமெண்டில் வந்து நிற்பார்கள் என்று தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் திருச்சியில் ஒரு கல்யாணம். 135 கிலோமீட்டர். நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போது அங்கே சார்ஜ் மிஷினில் வரிசை, 65 சதவீதத்திலேயே பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன். துவரங்குறிச்சிப் பக்கம் ஒரு ஓட்டலில் மிஷின் இருப்பதாக ஆப் காட்டியது. போனால் மிஷின் இருந்தது, உயிர் இல்லை. ஓட்டல்காரரைக் கேட்டால் "அது ஒரு வாரமாவே அப்படித்தாண்ணே" என்றார். ஏ.சி.யை நிறுத்தி, 50 வேகத்தில், என் மனைவி கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டே வர, 8 சதவீதத்தில் மேலூர் வந்து சேர்ந்தேன். அங்கே கடை வைத்திருக்கிற என் பழைய மாணவன் பிளக் பாயிண்ட் கொடுத்தான். மூன்று மணி நேரம் உட்கார்ந்து நான்கு டீ குடித்தோம். என் மனைவி அன்று பேசியதை இங்கே எழுத முடியாது.

இந்தக் கதையில் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. 65-ல் கிளம்பியது என் தப்பு. மிஷினை வைத்துவிட்டு அது ஓடுகிறதா என்று பார்க்க ஆள் வைக்காதது வைத்தவர்களின் தப்பு. நெடும்பயணத்துக்குச் சின்ன பாட்டரி வண்டி தொல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். கொடைக்கானலையும் சொல்லிவிடுகிறேன். நாலு பேரோடு வண்டி 1,450 கிலோ. ஏற வேண்டிய உயரம் 2,000 மீட்டர். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கி, ஒரு யூனிட்டுக்கு 36 லட்சம் ஜூல் என்று வகுத்துப் பாருங்கள், உயரம் ஏறுவதற்கு மட்டுமே எட்டு யூனிட் வரும். 24-ல் மூன்றில் ஒரு பங்கு. அதோடு 115 கிலோமீட்டர் தூரத்துக்கான செலவும் சேர்ந்தால் பாட்டரி துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். கீழே வத்தலக்குண்டுப் பக்கமே சார்ஜ் போட்டுக்கொண்டு ஏறுகிறவன் புத்திசாலி. இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். இதே மலையில் அந்தக் காலத்தில் அம்பாசடர்கள் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வழி நெடுக நின்றதைப் பார்த்தவர்கள் இந்தக் குரூப்பிலேயே இருக்கிறீர்கள். அப்போது யாரும் காரே வேண்டாம் என்று சொல்லவில்லை, தண்ணிக் கேன் எடுத்துக்கொண்டு போனோம்.

அதற்கும் முந்தைய கதை ஒன்று நம் ஊரிலேயே உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது டி.வி.எஸ். சுந்தரம் அய்யங்கார் கரி வாயுவில் வண்டி ஓட்டக் கருவி செய்து விற்றார். அடுப்பைப் பற்றவைத்து வாயு வருகிறவரை காத்திருந்து பஸ் ஏறிப் போனார்கள் நம் தாத்தாக்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ராத்திரி படுக்கப் போகும்போது பிளக்கைச் சொருகுவது கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் இந்த நெடும்பயணம் என்பது வருடத்தில் எத்தனை நாள்? குடும்பக் குரூப்பில் சென்னை, சென்னை என்று கூவியவர்களைக் கேட்கிறேன். போன வருடம் உங்களில் எத்தனை பேர் 460 கிலோமீட்டர் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு சென்னை போனீர்கள்? வைகையிலும் பாண்டியனிலும் டிக்கெட் கிடைக்கவில்லை என்று எனக்குப் போன் போட்டவர்கள் யார்? குலதெய்வம் கோயிலுக்குப் போனோமே, காரிலா போனோம்? பதினான்கு பேர், அண்டா, அரிசி மூட்டை, ஆடு சகிதம் வேன் பிடித்துத்தானே போனோம்? வருடத்தில் இரண்டு நாள் போகிற ஊருக்காக 363 நாளும் பெட்ரோலைக் கொட்டுவது, தீபாவளிக்கு விருந்தாள் வருவார்கள் என்று தினமும் அண்டாவில் சோறு வடிப்பது மாதிரி. அந்த இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடு. மாதம் மிச்சமாகும் ஒன்பதாயிரத்தில் எத்தனை முறை எடுக்கலாம் என்று நீயே கணக்குப் போடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன். என்னைப் போல் மாதம் 500, 600 கிலோமீட்டர் ஓட்டுகிற ரிட்டயர்டு ஆசாமிக்கு இந்தக் கார் லாபமே இல்லை. கூடுதலாகக் கொடுத்த காசு திரும்ப ஏழெட்டு வருடம் ஆகும். சத்தமில்லாமல் ஓடுகிறது, கியர் இல்லை, கால் வலிக்கு நல்லது என்று வாங்கினேன், அவ்வளவுதான். மருந்துக் கம்பெனி ரெப்பாக இருக்கிற என் மாணவன் ஒரு நாளைக்கு ராமநாதபுரம், மறுநாள் திருநெல்வேலி என்று சுற்றுகிறான். அவனுக்கு இந்தச் சின்ன பாட்டரி வேண்டவே வேண்டாம். தினமும் 60-ல் இருந்து 100 கிலோமீட்டர், ஒரே வழி, ராத்திரி சொந்த வீடு. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இது அளவெடுத்துத் தைத்த சட்டை. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, நத்தம் என்று மதுரையில் இருந்து தினமும் போய்வருகிற டீச்சர்கள், நர்சுகள், பேங்க் ஊழியர்கள் எத்தனை பேர்! அவர்களைத்தான் "ரேஞ்ச் பத்தாது" என்று விரட்டுகிறீர்கள்.

சொந்த வீடு என்றேன் இல்லையா, உண்மையான இடைஞ்சல் அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி குரூப்பில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். அதில் போட்டால் 24 யூனிட் பாட்டரி ஒன்பது மணி நேரத்தில் நிறையும். திருநகரிலும் பசுமலையிலும் போர்ட்டிகோ உள்ளவர்களுக்கு அது ஒரு எலெக்ட்ரீஷியனின் அரை நாள் வேலை. மாசி வீதிகளுக்குப் பின்னால் சந்துக்குள் குடியிருந்து தெருவில் கார் நிறுத்துகிறவன் எங்கே போவான்? மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறவன் ஹவுஸ் ஓனரிடம் கேட்டால் "கரண்ட் பில்லு எம் பேர்ல வருதுப்பா" என்பார். அபார்ட்மெண்டில் அசோசியேஷன் மீட்டிங் போட்டு மூன்று மாதம் பேசுவார்கள், பிறகு "தீப்பிடிக்கும்" என்று ஒருத்தர் சொல்ல, தள்ளி வைப்பார்கள்.

தமிழ்நாடு அரசின் 2023-ஆம் ஆண்டு மின் வாகனக் கொள்கை, மின் வாகன நகரங்களாக வளர்க்க ஆறு ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. மதுரை அதில் ஒன்று. தெரியுமா உங்களில் யாருக்காவது? பக்கத்தில் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலையே திறந்தாயிற்று. கார் செய்ய இடம் கொடுத்தார்கள், நல்லது. வாடகைக்கு இருக்கிறவன் தன் வாசலில் தனி மீட்டரோடு ஒரு பிளக் கேட்டால் ஓனர் மறுக்க முடியாது என்று ஒரு விதி வந்தால், அது இன்னும் பத்து ஓட்டல் வாசலில் மிஷின் வைப்பதை விடப் பெரிய காரியம். கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் கேட்க வேண்டியது இதைத்தான். நாம் கம்பெனிக்காரனிடம் 500 கிலோமீட்டர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவனும் சந்தோஷமாகப் பெரிய பாட்டரி போட்டு, விலையை ஏற்றிப் பதினைந்து லட்சம், இருபது லட்சத்துக்குக் கொண்டுபோகிறான். நர்சும் டீச்சரும் வாங்கக்கூடிய வண்டி கடையை விட்டே போய்விட்டால் அதற்குக் காரணம் இந்த 500 பைத்தியம்தான்.

2001-ல் பெங்களூரில் ரேவா என்று ஒரு எலெக்ட்ரிக் கார் வந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர்தான். அப்போது "பத்தாது" என்று சொன்னவர்கள் சொன்னது சரி. திருநகரில் இருந்து உசிலம்பட்டி போய்வந்தால் வாசலிலேயே மூச்சு நின்றிருக்கும். இன்று அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடுகிறது. வாய் மட்டும் அதே வசனத்தைச் சொல்கிறது.

இன்று காலை அவளுடைய அண்ணனுக்குப் போன் செய்து 55 சதவீதக் கணக்கைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "ஏ.சி. போட்டா சார்?" என்று கேட்டார். போட்டுத்தான் என்றேன். "நீங்க மறுபடி ஒருநாள் போகும்போது நானும் வர்றேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் போகிறோம், இந்த முறை அவள் ஓட்டுவாள்.

அதற்குள் எலெக்ட்ரீஷியனை அனுப்பி அவள் வீட்டுப் போர்ட்டிகோவைப் பார்க்கச் சொன்னேன். பிளக் பாயிண்ட் இருக்கிறது, வயர் மெல்லிசு, எர்த் சரியில்லை, இரண்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதை முதலில் செய்யச் சொல்லியிருக்கிறேன்.